சாலையை எந்தப் பக்கம் விரிப்பது, எந்த ஒப்பந்தத்தில் விடுவது?

7 மீட்டர் அகல இருவழிச் சாலை. அதை நான்கு வழியாக்க அரசுப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. இனி முடிவெடுக்க வேண்டியவை இரண்டு: அகலத்தை ஒரு பக்கம் சேர்ப்பதா, இரு பக்கமும் சேர்ப்பதா? வேலையை அளவுக்கு விலை கொடுக்கும் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் விடுவதா, மொத்தத் தொகைக்கு விடுவதா? வழக்கமாக முதல் கேள்வி வடிவமைப்புப் பிரிவுக்கும் இரண்டாவது டெண்டர் பிரிவுக்கும் போகும். ஒருவர் எடுத்த முடிவு மற்றவர் மேசைக்கு வந்து சேரும்போது மாற்ற முடியாததாக இறுகியிருக்கும். ஆனால் இரண்டுக்கும் விடை கிடைப்பது ஒரே இடத்தில்தான். சாலையோரத்தில் என்ன நிற்கிறது, அடியில் என்ன புதைந்திருக்கிறது, அதில் எவ்வளவு இன்றைக்கு நம் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் பக்கமும் தெரியும், ஒப்பந்தமும் தெரியும்.

அதற்கு முன் ஒன்று: விரிக்கத்தான் வேண்டுமா? ஸ்வீடனில் 1998 முதல் 13 மீட்டர் அகலச் சாலைகளை அதே அகலத்தில் 2+1 முறைக்கு மாற்றினார்கள். நடுவில் எஃகு வடத் தடுப்பு; முந்திச் செல்லும் கூடுதல் தடம் சிறிது தூரம் ஒரு திசைக்கு, பிறகு எதிர்த்திசைக்கு. நேருக்கு நேர் மோதிச் சாவது பெருமளவு குறைந்தது. பத்தடிக்கு ஒரு வாசல், மெதுவாகப் போகும் வண்டிகள், கண்ட இடத்தில் திரும்பும் பழக்கம் எல்லாம் உள்ள சாலையில் இது எடுபடாது. அகலம் கூட்டினாலே நெரிசல் தீரும் என்றும் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே நெடுஞ்சாலையை 2008-ல் பிரம்மாண்டமாக விரித்து முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயண நேரம் மறுபடி ஏறியது. ஆக, நெரிசல் சந்திப்புகளில் மட்டும் என்றால் சந்திப்புகளைச் சரிசெய்யுங்கள். வழி நெடுக என்றால் மேலே படியுங்கள்.

இரு பக்கமும் விரித்தால்

பழைய நடுக்கோடே புதிய சாலைக்கும் நடுக்கோடு. வரைபடத்தில் பார்க்க நேர்த்தியாக இருக்கும். அளவைப் போட்டால்தான் விஷயம் தெரியும்.

மீடியன், அதாவது இரு திசைகளையும் பிரிக்கும் நடுத்திட்டு, 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது பழைய சாலையின் நட்ட நடுவில் உட்காரும். 7 மீட்டர் தார்த்தளத்தில் 4.5 மீட்டர் மண்ணுக்கும் செடிக்கும் அடியில் போய்விட, பக்கத்துக்கு 1.25 மீட்டர்தான் மிஞ்சும். ஒவ்வொரு திசைக்கும் 7 மீட்டர் ஓடுதளம் வேண்டுமென்றால் 5.75 மீட்டர் புதிதாகப் போட்டாக வேண்டும். இருக்கிற சாலையை வீணாக்காமல் பயன்படுத்துகிறோம் என்று தொடங்கிய திட்டத்தில், பழைய தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வண்டி ஓடக் கிடைக்கிறது.

மீடியனை 1.5 மீட்டராக ஒடுக்கலாம். அப்போது பழையது பக்கத்துக்கு 2.75 மீட்டர் மிஞ்சும். கணக்கு பரவாயில்லை, ஆனால் பழையதும் புதியதும் சேரும் இணைப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 3.5 மீட்டர் தடத்தின் நடுவே ஓடும் லாரியின் சக்கரங்கள், தடத்தின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 0.85 மீட்டரிலும் 2.65 மீட்டரிலும் பதியும். இணைப்பு 2.75-ல். சக்கரத்துக்கு நேர் கீழே! எந்த நெடுக்கு இணைப்பும் சக்கரத் தடத்தில் வரக் கூடாது, தடங்களைப் பிரிக்கும் கோட்டில் வர வேண்டும் என்பது பாலபாடம். அதைப் பின்பற்ற வேண்டுமென்றால் மீடியன் அகலத்தையோ பழைய தளத்தை வெட்டும் கோட்டையோ மாற்றியாக வேண்டும்.

இன்னொரு தொல்லை, கனரக வண்டிகள் வெளித் தடத்தில்தான் ஓடும். இரு பக்க விரிவாக்கத்தில் வெளித் தடம் முழுக்கப் புது மண். பல ஆண்டுகள் போக்குவரத்தில் இறுகிய பழைய அடித்தளத்தின் மேல் கார்கள் போகும். நேற்றுக் கொட்டிய மண்ணின் மேல் லாரிகள் போகும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா அருகே நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனை, சேதம் அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்காக ஏறும் என்று காட்டியது. சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. ஆகவே புதுப் பட்டையில் மண் அமுக்கம் சற்றுத் தளர்ந்தாலும் அதைக் கண்டுபிடிக்கப் போவது அந்த லாரிகள்தான்.

அமுக்கம் ஏன் தளர்கிறது? பெரும்பாலும் இடமில்லாததால்தான். நான்கு வழிக்கு விரிக்காமல் 7 மீட்டரை 10 மீட்டராக்கும் வேலையில் இது பளிச்சென்று தெரியும். பக்கத்துக்கு 1.5 மீட்டர் குழி. சாதாரண மண் ரோலரின் உருளையே 2.1 மீட்டர் அளவில் இருக்கும், குழிக்குள் இறங்காது. பிறகு என்ன நடக்கும்? பொக்லைன் வாளியால் தட்டுவார்கள், கையால் தள்ளும் சிறு அதிர்வுத் தகட்டை 300 மி.மீ. கனமான மண் அடுக்கின் மேல் ஓட்டுவார்கள், தண்ணீர் ஊற்றி 'தானே இறங்கிவிடும்' என்பார்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் பழைய தளத்தின் விளிம்பை ஒட்டி நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல் ஓடும். அதே 3 மீட்டரை ஒரு பக்கமாகச் சேர்த்திருந்தால் ரோலர் இறங்கியிருக்கும். 10 மீட்டர் வேலையில் ஒரு பக்கம் விரிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வேறு வழியே இல்லாமல் இரு பக்கமும் போனால், குழியை 2.5 மீட்டருக்குக் குறையாமல் வெட்டும்படி அளவுப் பட்டியலிலேயே எழுதி, அந்தக் கூடுதல் மண்ணுக்கும் காசு கொடுங்கள்.

இணைப்பில் என்ன செய்ய வேண்டும்

எந்தப் பக்கம் விரித்தாலும், பழையதோடு புதியது சேரும் இடம் உண்டு. பழைய தளத்தின் விளிம்பு எப்போதும் நொய்ந்தே இருக்கும்; தார் உதிர்ந்து, ஜல்லி மண்ணோடு கலந்திருக்கும். அதிலிருந்து 300 மி.மீ. உள்ளே தள்ளி இயந்திர வாளால் நேராக வெட்டி எடுக்க வேண்டும். பழைய கரைச் சரிவில் குறைந்தது 300 மி.மீ. அகலப் படிகள் வெட்டி, புது மண்ணை, அமுக்கிய பிறகு கனம் 200 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் அதிகபட்ச உலர் அடர்த்தியில் கரைக்கு 95 விழுக்காடு, தளத்துக்கு நேர் கீழே வரும் மேல் 500 மி.மீ. மண்ணுக்கு (சப்கிரேடு) 97 விழுக்காடு என்பது பரவலாக வைக்கும் அளவு. தார் அடுக்குகளின் இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று நேராக விழாமல், அடுக்குக்கு அடுக்கு 150 மி.மீ.யாவது விலக வேண்டும். வெட்டிய நிமிர்ந்த முகத்தில், புதியது ஒட்டுவதற்கான மெல்லிய தார்ப் பூச்சு (டேக் கோட்) பூச வேண்டும். இதைத்தான் அவசரத்தில் மறப்பார்கள்.

மண் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்க்கும் மணல் மாற்றுச் சோதனையைப் புதுப் பட்டையின் நடுவில் எடுத்துவிட்டுத் தேறியது என்று எழுதுவது வழக்கம். நடுவில் தேறாமல் எங்கே தேறும்? இணைப்பிலிருந்து 300 மி.மீ.க்குள் எடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை இதைவிட நுட்பமானது. பழைய சாலையின் ஜல்லி அடுக்கில் இறங்கிய மழைநீர் இதுவரை ஓரச் சரிவு வழியாகக் கசிந்து வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த வாயைப் புதுக் களிமண்ணால் அடைத்துவிட்டால் நீர் பழைய அடித்தளத்திலேயே தேங்கும். புது வடிகால் அடுக்கின் அடிமட்டம் பழைய ஜல்லி அடுக்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்க வேண்டும். அது வெளிச்சரிவு வரை தொடர்ந்து போய்த் திறந்திருக்க வேண்டும். பழைய அடுக்கின் ஆழம் ஆவணத்தில் இருப்பதை நம்பாதீர்கள். ஓரத்தில் 500 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி தோண்டினால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் விரித்தால்

பழைய சாலை அப்படியே ஒரு திசைக்கான ஓடுதளமாகிறது. மீடியனைத் தாண்டி, முழுக்கப் புதிதாக இன்னொரு 7 மீட்டர். இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே மீடியன் இருப்பதால் பழையதும் புதியதும் சேரும் இணைப்பு எந்தச் சக்கரத்துக்கும் கீழே வராது. மேலே சொன்ன தொல்லைகளில் பாதி இங்கேயே ஒழிந்தது.

ஆனால் இதற்கென்று ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. மதிப்பீட்டில் அடிக்கடி விடுபடுவதும் அதுதான். இருவழிச் சாலைக்கு நடுவில் மேடு, இரு பக்கமும் சரிவு. இந்தச் சரிவு (கேம்பர்) 2.5 விழுக்காடு என்றால் நடு மேட்டைவிட விளிம்பு 87.5 மி.மீ. தாழ்வு. ஒரே திசைக்கான ஓடுதளமாகும்போது முழு 7 மீட்டரும் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். வெளிப் பாதி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. மீடியன் பக்கப் பாதியைத்தான் ஏற்ற வேண்டும்: நடு மேட்டில் பூஜ்யத்தில் தொடங்கி மீடியன் ஓரத்தில் 175 மி.மீ. வரை ஓர் ஆப்பு.

அந்த ஆப்பின் குறுக்கு வெட்டு 3.5 × 0.175 ÷ 2, அதாவது சுமார் 0.306 சதுர மீட்டர். கிலோமீட்டருக்கு 306 கன மீட்டர். அமுக்கிய கலவை கன மீட்டருக்கு 2.35 டன் என்றால் 720 டன். ஒப்பிட்டுப் பாருங்கள்: 7 மீட்டர் அகலத்துக்கு 50 மி.மீ. மேல்தளம் போட்டாலே 350 கன மீட்டர்தான். ஆக, இது கிட்டத்தட்ட இன்னொரு முழுத் தளம். 'சமன் செய்தல்' என்று ஒற்றை வரியில் எங்கோ எழுதப்பட்டிருக்கும் இந்த ஐட்டம்தான் பின்னாளில் அளவு இரட்டித்து வந்து நிற்கும்.

போடும் முறையிலும் தவறு நடக்கும். 0-விலிருந்து 175 மி.மீ. வரை ஒரே ஓட்டத்தில், தார்க் கலவையை விரிக்கும் பேவர் இயந்திரத்தில் போட்டால் கனமான பக்கம் அமுங்காது, மெல்லிய பக்கம் ஜல்லி நொறுங்கும். இரண்டு மூன்று அடுக்குகளாக, ஒவ்வொன்றும் தன் மெல்லிய முனையில் இயந்திரத்தால் சுரண்டிய (மில்லிங்) பள்ளத்தில் முடியும்படி போட வேண்டும். அடுக்கின் கனம் அதிலுள்ள பெரிய ஜல்லியின் அளவைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. செலவைக் குறைக்க ஆப்பை தார் இல்லாமல் தண்ணீரில் கலந்த வெட் மிக்ஸ் ஜல்லியால் நிரப்பி மேலே தார் போடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கீழேயும் தார், மேலேயும் தார், நடுவில் ஜல்லி: உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அதை அனுமதிக்க வேண்டாம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்து அடியிலிருந்தே சரிவை மாற்றுவது வேறு விஷயம். தளம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் அதுவே மேல். சுமையில் தளம் எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் டிஃப்ளெக்ஷன் சோதனை அதைச் சொல்லிவிடும்.

கேம்பரை மாற்றாமலே விட்டால் என்ன? பாதி மழைநீர் மீடியனுக்கு வரும். மீடியனில் வடிகால், அதிலிருந்து ஓடுதளத்துக்கு அடியே குறுக்குக் குழாய், மண் அள்ள ஆள் என எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நிதி உறுதியில்லை என்றால் ஆப்புச் செலவே மலிவு.

வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்

இதில் போட்டியே இல்லை. ஒரு பக்கம் விரிக்கும்போது பழைய சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் புது ஓடுதளம் தனியாக எழும்பும். அது முடிந்ததும் இரு திசை வண்டிகளையும் அதற்கு மாற்றிவிட்டு, பழையதை முழுதாகத் திறந்து சரிசெய்யலாம். அந்த இடைக்காலத்தில் புதுத் தளத்தின் இறுதி மேல்தளத்தை மட்டும் போடாமல் வைத்திருங்கள். பணிக்கால வண்டிகளின் தேய்மானம் கீழ்த்தளத்தோடு போகட்டும். கடைசியில் இரு பக்கமும் சேர்த்து ஒரே மூச்சில் மேல்தளம் போடலாம்.

இரு பக்கமும் விரிக்கும்போது ஓடும் வண்டிகளுக்கு இரு பக்கமும் 600, 700 மி.மீ. ஆழக் குழி. ஒரே நேரத்தில் இரு பக்கமும் தோண்டக் கூடாது, ஒரு பக்கக் குழியை ஜல்லி மட்டத்துக்கு நிரப்பாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். வைத்தால் வேலை மெதுவாகும். வைக்காவிட்டால் இரவில் ஆள் சாகும்.

பொதுப் பணம் என்பதால் இன்னொன்றும் உண்டு. நிதி ஆண்டு நடுவில் பணம் நின்றுபோவது புதிதல்ல. ஒரு பக்க வேலை பாதியில் நின்றால் பழைய சாலை முழுதாக இருக்கும், முடிந்த தூரத்துக்குப் புதுச் சாலையும் கிடைத்திருக்கும். இரு பக்க வேலை பாதியில் நின்றால் இருந்த சாலையும் போய்விடும்.

பாலங்களிலும் ஒரு பக்கமே எளிது: பழையது நிற்க, பக்கத்தில் புதுப் பாலம். இரு பக்கமும் என்றால் பழைய அடித்தளத்தின் இரு புறமும் புது அடித்தளம், அவை வேறு வேறு அளவில் இறங்குவதால் மேல்தளத்தில் விரிசல், குழாய் மதகுகளில் இரு முனையிலும் தலைச்சுவரை இடித்துக் குழாயை நீட்டும் வேலை.

அப்படியானால் இரு பக்கம் எதற்கு?

ஊருக்குள் வேண்டும். கடைத்தெருவில் ஒரே பக்கம் 11 மீட்டர் எடுத்தால் ஒரு வரிசை வீடுகளே போய்விடும். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பல இடங்களில் அரசு நிலத்தில் நீண்டிருக்கும் படிக்கட்டும் கூரையும்தான் போகும். நில எடுப்புச் செலவும் காலமும் தலைகீழாக மாறிவிடும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம். குறுகிய மீடியன், நடைபாதைக்கு அடியில் வடிகால், குறைந்த வேகம் இருக்கும் இடத்தில் இரு பக்க விரிவாக்கத்தின் குறைகளோடு வாழ முடியும். அதுவும் முடியாத நெரிசல் என்றால் புறவழிச் சாலைதான்.

ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் என்பதை 100 மீட்டருக்கு ஒரு வரி என்ற கணக்கில் பட்டை அட்டவணை போட்டு முடிவு செய்ய வேண்டும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக: மின்கம்பங்கள், மின்மாற்றிகள், உயரழுத்தக் கோபுரங்கள், குடிநீர்க் குழாயின் விட்டம், கிணறு, மரங்கள், வழிபாட்டிடம், இடுகாடு, பள்ளி, நீர்நிலை. எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நூறு கம்பங்களை மூன்று மாதத்தில் நகர்த்திவிடலாம். ஊர்களுக்கு நீர் கொண்டுபோகும் ஒரு பெரிய பிரதானக் குழாயை நகர்த்த, தண்ணீரை நிறுத்த அனுமதி கிடைக்கும் அந்த ஒருசில நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். குழாய் எந்தப் பக்கமோ, விரிவாக்கம் அதற்கு எதிர்ப்பக்கம்.

ஒவ்வொரு தடையையும் தவிர்க்கப் பக்கம் மாறி மாறிப் போகலாமா? 4.5 மீட்டர் மீடியனும் 7 மீட்டர் ஓடுதளமும் என்றால், இடமிருந்து வலமாக மாறும்போது சாலையின் நடுக்கோடு 11.5 மீட்டர் நகர வேண்டும். 1000 மீட்டர் ஆர எதிர்வளைவுகள் இரண்டு கொண்டு நகர்த்தினாலும் சுமார் 215 மீட்டர் பிடிக்கும். நேர்ச்சாலையிலிருந்து வளைவுக்கு மெல்ல மாற்றும் இடைமாற்று வளைவுகளும் சேர்ந்தால் இன்னும் நீளும். அந்தத் தூரம் முழுக்கப் பழைய தளம் புதுச் சாலைக்கு அடியில் குறுக்காக ஓடும். எந்த இணைப்பையும் நல்ல இடத்தில் வைக்க முடியாது. நாலைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு முறை பக்கம் மாறும் வரைபடத்தைக் கண்டால், யாருடைய நிலம் தப்புகிறது என்று ஒருமுறை பாருங்கள். 'எங்கள் பக்கம் மட்டும் ஏன்?' என்ற கேள்விக்குப் பதிலாக அந்தப் பட்டை அட்டவணையை நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே இரு பக்கத்தாரும் பார்க்க ஒட்டிவிட வேண்டும். எண்ணிக்கை கண்முன் இருந்தால் வழக்குகள் குறையும்.

எந்த ஒப்பந்தம்

பொறியியல் ஆலோசகர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-ல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களின் அட்டை நிறங்களே இன்றும் பேச்சு வழக்கில் இருக்கின்றன. சிவப்பு: வடிவமைப்பு உரிமையாளருடையது, அளந்து பணம். மஞ்சள்: வடிவமைப்பு ஒப்பந்ததாரருடையது, மொத்தத் தொகை. வெள்ளி: அதிலும் கூடுதலாக, மண்ணுக்கு அடியில் எதிர்பாராமல் வருவது உட்படப் பெரும்பாலான இடர் ஒப்பந்ததாரர் தலையில்.

ஐட்டம் ரேட்டின் பலம், தெரியாததைத் தாங்கும். தோண்டும்போது பழைய சாக்கடை வந்தால் அளந்து காசு கொடுத்துவிட்டு மேலே போகலாம். சிவப்பு நூலின்படி ஒரு ஐட்டத்தின் அளவு 10 விழுக்காட்டுக்கு மேல் மாறி, அந்த மாற்றத்தின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 0.01 விழுக்காட்டைத் தாண்டி, அதனால் அலகுச் செலவும் 1 விழுக்காட்டுக்கு மேல் மாறினால்தான் புது விலை பேச்சு வரும். மேலே பார்த்த ஆப்பு ஐட்டம் இவற்றில் முதல் இரண்டு வாசல்களை எளிதாகத் தாண்டும் என்பதைக் கவனியுங்கள்.

பலவீனம், மறைந்துபோகும் வேலையை அளப்பது. படி வெட்டியது, சேற்றை அள்ளியது, பள்ளம் நிரப்பியது எல்லாம் அடுத்த அடுக்கு வந்ததும் கண்ணில் படாது. முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன் 20 மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு மட்டம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஆப்புக்கு 10 மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி, முன்னும் பின்னும். வந்து இறங்கிய லாரிகளை எண்ணி அளவுப் புத்தகம் எழுதினால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

மொத்தத் தொகை ஒப்பந்தம் வேகமானது. அளவு கூடினால் ஒப்பந்ததாரருக்கே இழப்பு என்பதால் அளவுச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய குறைந்தபட்சமே கிடைக்கும் அதிகபட்சம். இணைப்பு எங்கே வர வேண்டும் என்று எழுதவில்லையா, சக்கரத்துக்குக் கீழே வரும். ஆப்பு எதனால் என்று எழுதவில்லையா, ஜல்லியால் வரும். வடிகால் எங்கே போய் விழும் என்று எழுதவில்லையா, அழகான கான்கிரீட் வடிகால் ஒன்று யாரோ ஒருவர் வயலின் வரப்பில் முடியும். தொழில்நுட்பத் தேவை ஆவணத்தில் மதகுகளின் பட்டியல், வடிகால் முடியும் இடங்கள், எதிர்காலக் கேபிளுக்கான குறுக்குக் குழாய்களின் எண்ணிக்கை, அடுக்குகளின் குறைந்தபட்சக் கனம் எல்லாம் கிலோமீட்டர் எண்ணோடு இருக்க வேண்டும். கையெழுத்தான பிறகு ஊர்க்காரர்கள் சுரங்கப்பாதை கேட்டு மறியல் செய்தால், போட்டி இல்லாத விலைக்குத்தான் அது கிடைக்கும்.

மூன்றாவது, தவணை முறை. இந்தியாவில் 2016-ல் வந்த கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை அரசு பணிக்காலத்திலேயே தரும். மீதி 60 விழுக்காட்டை ஒப்பந்ததாரர் திரட்டி, 15 ஆண்டுத் தவணையில் பெறுவார், அதுவரை பராமரிப்பும் அவருடையது. இணைப்பு விரிசல் விட்டால் தன் காசில் சரிசெய்ய வேண்டும் என்ற பயம் நல்ல மேற்பார்வையாளர் பத்துப் பேருக்குச் சமம். அதற்கு விலை வட்டி. கடன் தரும் வங்கி, நிலம் கையில் இருக்கிறதா என்று நம்மைவிடக் கறாராகக் கேட்கும். சிறிய வேலைகளுக்கு இது கட்டுப்படியாகாது.

இப்போது இரண்டு முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே ஒரு பக்க விரிவாக்கம்: புது மண், தெரிந்த நிலம், நகர்த்திய கம்பங்கள். தெரியாதது குறைவு. இங்கே மொத்தத் தொகை பொருந்தும். தொகை பெரிதாக இருந்து நீண்ட காலப் பராமரிப்பும் வேண்டுமென்றால் தவணை முறை. ஊருக்குள் இரு பக்க விரிவாக்கம்: அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வாரத்துக்கு ஒரு மாறுதல். இங்கே ஐட்டம் ரேட் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் ஒரே மொத்தத் தொகையில் கட்டினால் ஒப்பந்ததாரர் ஊர்ப் பகுதியின் பயத்தை முழு நீளத்துக்கும் விலையில் ஏற்றுவார். அல்லது ஏற்றாமல் வென்று, பிறகு ஊர்ப் பகுதியைத் தொடவே மாட்டார்.

இடத்தை ஒப்படைப்பது

எந்த ஒப்பந்தமானாலும் அது சிதைவது இங்கேதான். 80 அல்லது 90 விழுக்காடு நிலம் கையில் வந்த பிறகே தொடங்குவது என்பார்கள். எந்த 80 என்பதுதான் கேள்வி. 7 மீட்டர் அகலத்துக்கு 50 மி.மீ. தார் போட மீட்டருக்கு 0.82 டன் கலவை. கலவை ஆலை நாளுக்கு 800 டன் தந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும். நடுவில் 300 மீட்டர் இல்லையென்றால் பேவரை ஏற்றி இறக்கி, இரண்டு குறுக்கு இணைப்புகளை வெட்டி, பிறகு அந்த 300 மீட்டருக்காக ஆலையை மறுபடி சூடேற்ற வேண்டும். விழுக்காட்டோடு 'தொடர்ச்சியாகக் குறைந்தது 3 கிலோமீட்டர்' என்ற நிபந்தனையும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

1999 ஃபிடிக் ஒப்பந்தங்களில், கால நீட்டிப்போ கூடுதல் தொகையோ கேட்கும் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். அவர் அலுவலகத்தில் அதற்கென்றே ஒருவர் இருப்பார். உரிமையாளர் பக்கத்துக்குப் பதில், தடைப் பதிவேடு. 'மின்கம்பம் காரணமாகத் தாமதம்' என்று எழுதுவது யாருக்கும் உதவாது. 'கி.மீ. 14.260 முதல் 14.320 வரை, வலது பக்கம், ஒரு மின்மாற்றி. தடைபட்ட வேலை: வடிகால் அடுக்கு. தொடங்கிய நாள், நீங்கிய நாள். அதே நாட்களில் அதே குழு வேலை செய்ய முடிந்த வேறு இடம்: கி.மீ. 15.000 முதல் 16.400 வரை' என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி வரிதான் 60 மீட்டர் தடைக்கு முழு வேலைக்கும் நீட்டிப்புக் கேட்பதை நிறுத்தும். இரு தரப்புக் கையெழுத்தும் வாரம் தவறாமல் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துச் சேர்த்துப் போட்ட கையெழுத்தை நடுவர் மன்றம் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

வேலையை இரண்டு ஒப்பந்தமாகப் பிரித்தால் ஊர் எல்லையில் இருவரும் சந்திக்கும் இடம் ஒன்று வரும். ஒரு பக்க விரிவாக்கம் இரு பக்க விரிவாக்கமாக மாறுவதும் அங்கேதான், நடுக்கோடு 5.75 மீட்டர் நகர வேண்டும், மீடியன் ஒடுங்க வேண்டும், குறுக்குச் சரிவு மாற வேண்டும். அதை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்காமல் முழு மாறுபகுதியையும் ஊர்ப் பகுதி ஒப்பந்தத்தில், ஐட்டம் ரேட்டில் வையுங்கள். வெளிப் பகுதி ஒப்பந்ததாரர் தன் கடைசிக் குறுக்கு வெட்டில் எந்த மட்டத்தில் விட வேண்டும் என்பதை ஐந்து புள்ளி மட்டங்களாக இரண்டு டெண்டர் ஆவணங்களிலும் ஒரே எண்ணில் எழுதுங்கள். இறுதி மேல்தளத்தில் கடைசி 50 மீட்டரை அவர் போடாமல் விட்டுவிட, பின்னால் வருபவர் சேர்த்து ஒரே ஓட்டத்தில் போடட்டும்.